வண்டி நிற்க ஓர் இடம்

(லால்குடியில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘பயணம்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரே ஒரு வழித்தடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லால்குடியில் வேன் ஏறி, அன்பில் தாண்டி, செங்கரையூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்து, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மாயவரம் என்று கிழக்கே போகிறோம். பூம்புகாரில் கடல் தெரிகிறது. அங்கிருந்து கரையோடு தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம், கடைசியாகக் கோடியக்கரை. சுற்றிச் சுற்றிப் போனால் சுமார் 250 கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இந்தப் பாதையில் பாதியாவது போகாதவர்கள் இருக்க மாட்டீர்கள். நவக்கிரகக் கோயில்களுக்கென்று போயிருப்பீர்கள், பிள்ளைக்கு மொட்டை போடப் போயிருப்பீர்கள், மாதா கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ நேர்ந்துகொண்டு போயிருப்பீர்கள்.

அந்த விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். மூன்றரை மணிக்கே வாசலில் வேன் வந்து நிற்கும். டெம்போ டிராவலரோ ஸ்வராஜ் மஸ்டாவோ, எது கிடைத்ததோ அது. மேலே கேரியரில் தார்ப்பாய். அதற்கடியில் அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, முதல் நாள் சாயங்காலம் நம்ம ஊர் வாழைத் தோப்பில் அறுத்த இலைக்கட்டு. கடைசி சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கேன்கள், ஜமக்காளம், பாய், தலையணை. ஒரு தூக்குவாளியில் புளியோதரை, இன்னொன்றில் தயிர்சாதம். சீட்டுக்கு அடியில், சாக்குச் சுற்றி, ஒரு சிலிண்டரும் பர்னரும். அந்தச் சிலிண்டரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

சீமையில் இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த்தொட்டி எல்லாம் பொருத்தி வைத்திருப்பார்கள். நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அடுப்பையும் படுக்கையையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய காரியம். கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, வண்டிக்கு அடியில் அரிக்கன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் நாம். வண்டி நன்றாகத்தான் மாறியிருக்கிறது. அது போய் நிற்கிற இடம்தான் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வருகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

எனக்கு ஓர் அத்தை. பூவாளூர்க்காரர், எழுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வேன் ஏறுவதென்றால் முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஒரு சித்திரை மாதம் திருவையாறு தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். உதடு வெடித்திருக்கிறது. நான் பாட்டிலை நீட்டினேன்.

“அத்தே, வெயில் ஏறுது. ஒரு வாய் குடிங்க.”

“வேணாம்ப்பா. குடிச்சுப்புட்டு எங்க போயி எறங்குறது? கும்மோணம் வரட்டும், பாத்துக்கலாம்.”

கும்பகோணத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். ஆண்கள் பக்கம் திறந்திருந்தது. பெண்கள் பக்கம் பூட்டு. சாவி மேனேஜரிடம் இருக்கிறது, மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வேனில் ஏறி உட்கார்ந்தார். மாயவரம் நெருங்கும்போது சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றில் காவல்காரரைக் கேட்டோம். அவர் மனைவி வந்து, “வாங்கம்மா, இதுக்கு எதுக்கு இம்புட்டுத் தயக்கம்” என்று கதவைத் திறந்துவிட்டார். வேனில் இருந்த அத்தனை பெண்களும் இறங்கினார்கள், பள்ளிக்கூடம் போகிற பெண் உட்பட. அதற்குப் பிறகுதான் வேனுக்குள் பேச்சும் சிரிப்பும் வந்தன. அத்தை ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

நம் வேன்களில் போகிறவர்களில் பாதிப்பேர் தாகத்தோடு போகிறார்கள். காவிரியின் வாய்க்கால்கள் இருபுறமும் ஓடுகிற சாலையில், தண்ணீர் கேனைப் பின்னால் வைத்துக்கொண்டே. மேல்மருவத்தூருக்கு மாலை போட்டு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போகிற பெண்களைக் கேளுங்கள், அவர்களும் இதையே சொல்வார்கள். பக்தியையும் ஊர் பார்க்கிற ஆசையையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பெண்கள் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிற பயணத்தை நல்ல பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழித்தடம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து புறப்பட்டுக் காவிரியின் வடகரையோடு மேற்கே நடந்து வருகிறார்கள். சமணத் துறவி கவுந்தியடிகள் கூட வருகிறார். திருவரங்கத்தின் பக்கம் ஓடம் ஏறித் தென்கரைக்குப் போய் உறையூரை அடைகிறார்கள். நாம் கிழக்கே போகிறோம், அவர்கள் மேற்கே வந்தார்கள், பூமி ஒன்றுதான். நம் காலத்தில் எழுத்தாளர்கள் சிட்டியும் தி. ஜானகிராமனும் நண்பர்களோடு காரில் காவிரியைத் தொடர்ந்து போய் எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ 1971இல் வெளிவந்தது. இந்த வட்டாரத்தில் வேன் ஏறுகிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இன்று நான் அதிகம் பேச நினைப்பது சத்திரங்களைப் பற்றி.

தஞ்சை மராத்திய அரசர்கள் 1743 முதல் 1837 வரை சுமார் 20 சத்திரங்களைக் கட்டினார்கள். பெரும்பாலும் இராமேசுவரம் போகும் பாதையில். அநேகமாக எல்லாமே அரண்மனைப் பெண்களின் பெயரில். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், கடற்கரையில் மீமிசலில் இராஜகுமாராம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டுச் சத்திரத்தை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டியது, 1802இல் திறக்கப்பட்டது. அதன் முகப்பு ஒரு ரதம். யானைகளும் குதிரைகளும் இழுத்துக்கொண்டு போவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். வழிப்போக்கன் தங்குகிற கட்டடத்துக்கே வண்டியின் உருவம் கொடுக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அந்தக் கற்பனையைச் செய்த சிற்பியை நான் கும்பிடுகிறேன்.

கட்டடத்தைவிட அதற்குள் நடந்ததுதான் முக்கியம். 1801இல் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்பது அதன் உட்கிடை. அதில் சத்திரத்தின் ஒரு நாளை விவரிக்கிறார். எந்தச் சாதியாக இருந்தாலும், பரதேசியோ பண்டாரமோ வைராகியோ, வருகிறவர்களுக்குச் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் மளிகையும். நோயாளி வந்தால் மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகும்வரை தங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பு. நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று கூவுவார்கள். அதற்குப் பிறகுதான் அன்றைய அடுப்பு அணையும்.

அந்த நள்ளிரவு மணியை என்னால் மறக்க முடியவில்லை. எவனோ ஒருவன் இருட்டில் தாமதமாக வந்துகொண்டிருப்பான் என்று ஓர் அரசாங்கம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. குறை எதுவும் இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. பந்தியில் சாதி பார்த்த காலம் அது. ஆனாலும் வாசலுக்கு வந்தவனுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார்.

மதுரை நாயக்கர் ஆட்சியில் ராணி மங்கம்மாளும் சாலை போட்டார், சத்திரம் கட்டினார், மரம் நட்டார். தெற்கே இன்றும் மங்கம்மாள் சாலை என்கிறார்கள். அரசர்கள் மட்டும் செய்த காரியமா? சாலையோரத்தில் மார்பளவு உயரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையைத் துணை இல்லாமல் இறக்கி வைக்க, திரும்ப ஏற்றிக்கொள்ள. பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நட்டார்கள். தம் வீட்டுத் துக்கத்தை முகம் தெரியாத வழிப்போக்கனின் சுகமாக மாற்றிய மக்கள் இவர்கள்.

நம் வட்டாரத்துச் சாலைகளில் 1930இல் இன்னொரு கூட்டம் போயிற்று. அந்த ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் வேதாரணியத்துக்கு நடந்தார்கள். ராஜன் நம் ஸ்ரீரங்கத்துக்காரர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடை. 28ஆம் தேதி வேதாரணியம். 30ஆம் தேதி உப்பு எடுத்துக் கைது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் அந்த நடையை நிறுத்த என்ன வழி கண்டுபிடித்தார் தெரியுமா? நடக்கிறவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அறிவித்தார். பயணத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்த வெள்ளைக்கார அதிகாரிக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. காலை ஒடிக்க வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். ஆனால் ஜனங்கள் கதவைச் சாத்தவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தார்கள் என்று போலீசுக்குத் தெரியாது, பசித்தவனுக்குத் தெரியும். இந்த வட்டாரத்து மண்ணின் குணம் அது என்று நான் மனதார நம்புகிறேன்.

முன்னால் மோட்டார்ஹோம் என்றேனே, அதற்காக இங்கிலாந்துக்கு வருகிறேன். இன்ப உலாவுக்கென்றே வீட்டு வண்டி கட்டிய முதல் மனிதர்களில் ஒருவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர். 1885இல் ‘வாண்டரர்’ என்ற வண்டியைக் கட்டி, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து வட மாவட்டங்கள் வழியாக ஸ்காட்லாந்து வரை போனார். படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே. ஆனால் அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். குறுகிய பாதையில் எதிரே வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைய ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது, குதிரைகளை எங்கே கட்டுவது என்று விசாரிக்க வேண்டும். வீட்டையே எடுத்துக்கொண்டு போனாலும் சாயங்காலமானால் ஒருவர் வாசலில் நின்று கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. 1907இல் அங்கே கேரவன்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். இன்று அந்த நாடு முழுக்க இதற்கென்றே நிறுத்தங்கள் இருக்கின்றன.

என் தங்கை மகன் அங்கே வேலை பார்க்கிறான். ஒரு கோடை விடுமுறையில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வட இங்கிலாந்துக் கடற்கரையைச் சுற்றினான். ஸ்கார்பரோ, விட்பி, அப்புறம் வடக்கே பாம்பரோ கோட்டை, புனிதத் தீவு. விட்பி, எஸ்க் ஆறு கடலில் சேரும் இடத்துச் சிறிய துறைமுகம். கேப்டன் குக் உலகம் சுற்றிய எண்டவர் கப்பலைக் கட்டிய ஊர். புனிதத் தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினம் இருமுறை மூடிவிடும். நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் வண்டியை இறக்க வேண்டும். அவனிடம் நான் போனில் கேட்ட முதல் கேள்வி, “ராத்திரி எங்கப்பா நிறுத்தினீங்க?”

“அதுக்குன்னே இடம் இருக்கு மாமா. குடிக்கிற தண்ணிக்கு ஒரு குழாய். கழுவின தண்ணியை விட ஒரு சாக்கடை. கழிப்பறைத் தொட்டியைக் கொட்டிக் கழுவத் தனியா ஒரு இடம். ஒரு ப்ளக் பாயிண்ட். அவ்வளவுதான். ஆனா அது இல்லேன்னா இந்த வண்டியில ரெண்டு நாள் ஓட்ட முடியாது.”

எனக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது. அத்தனை விலையுள்ள வண்டியும் கடைசியில் ஒரு குழாயையும் ஒரு சாக்கடையையும் நம்பித்தான் ஓடுகிறது. அவை இல்லாத இடத்தில் வண்டிகள் கூடினால் அங்கேயும் சண்டைதான். ஸ்கார்பரோ, விட்பி பக்கத்துக் கடற்கரைச் சாலைகளில் வரிசையாக வண்டியை நிறுத்தி ராத்தங்குவதை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இரவு நிறுத்தத் தடை வந்தது. குப்பையும் கழிவும் எங்கே போகும் என்ற கேள்வி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

இங்கிலாந்தைப் பற்றிப் பேசும்போது, அங்கிருந்து நம் பக்கம் வந்த ஒரு பயணி, பிஷப் ஹீபர், நினைவுக்கு வருகிறார். நம் திருச்சியில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. வடமேற்கு இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்து மால்பஸ் என்ற ஊரில் பிறந்தவர். இந்தியாவில் கூடாரமும் ஆட்களுமாக நீண்ட பயணங்கள் செய்தவர். 1826இல் தஞ்சாவூரில் சரபோஜியைச் சந்தித்துப் பேசிவிட்டுத் திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3ஆம் தேதி, நம் ஊர் வெயிலில் வேலை முடித்துவிட்டுக் குளிக்க இறங்கிய தொட்டியிலேயே இறந்துபோனார். வயது 42. புனித ஜான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பங்குனி சித்திரையில் வேன் ஏறுகிற ஒவ்வொரு வயதானவரையும் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். இந்த வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அந்தச் சிலிண்டர்.

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில் நிலைய யார்டில் ஒரு சுற்றுலா ரயில்பெட்டி நின்றுகொண்டிருந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் தனியாக எடுத்த பெட்டி. அதற்குள்ளேயே தங்கி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கோயில் கோயிலாக வந்தார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். கொண்டுவந்திருந்தார்கள். டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள்.

அந்த ரயில் நிலையத்துக்கு எதிரில்தான் மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. அதை அங்கே கட்டியவர்களுக்கு, யாத்திரைக்காரன் வருவான், அவனுக்கு அடுப்பு மூட்ட இடம் வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாம் சட்டப்படி அடுப்பைத் தடை செய்தோம். அது சரி, செய்யத்தான் வேண்டும். ஆனால் வேறு எங்கே அடுப்பு மூட்டலாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். வெளியூர்ச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், விரதக்காரர்கள், கடையில் சாப்பிட வசதி இல்லாதவர்கள் எங்கே சமைப்பார்கள்? ஓடுகிற பெட்டிக்குள் சமைப்பார்கள். நம் வேனில் சீட்டுக்கடியில் சாக்குச் சுற்றி இருக்கிறதே, அதுவும் அதே சிலிண்டர்தான். அதற்கு மேலே உட்கார்ந்து குழந்தைகள் அந்தாக்ஷரி பாடிக்கொண்டு போகிறார்கள். இன்று இந்தக் கூட்டத்தில் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: வேனில் சிலிண்டர் ஏற்றாதீர்கள். கட்டுச்சோறு கட்டுங்கள். புளியோதரை இரண்டு நாள் தாங்கும்.

கடற்கரைக்கு வருவோம். பூம்புகாரில் வண்டியைவிட்டு இறங்கியதும் எல்லோரும் தண்ணீரை நோக்கி ஓடுகிறோம். 1973இல் அமைத்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்ட வேண்டும்; கல்லில் கதையைப் படிக்கலாம். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு அங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்டார். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்துக்கு முன்னால் கல் கொட்டியிருக்கிறார்கள். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹோல்டர்னெஸ் என்ற கரை இப்படித்தான் கரைகிறது. ஐரோப்பாவில் மிக வேகமாக அரிக்கப்படும் கரைகளில் ஒன்று அது. விளிம்பில் இருந்த கேரவன் பூங்காக்கள் வரிசை வரிசையாக இடத்தை இழந்து உள்ளே நகர்ந்திருக்கின்றன. வண்டி நகரும். கோயிலும் குப்பமும் நகர முடியுமா?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ நாகப்பட்டினத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் வெளியூர் யாத்திரைக்காரர்கள் ஏராளமாக இருந்தார்கள். பஸ்ஸிலும் வேனிலும் வந்து கடலில் காலை நனைத்துக்கொண்டிருந்தவர்கள். ஊர்க்காரனுக்காவது மேடு எது பள்ளம் எது என்று தெரியும். வழிப்போக்கனுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு கரையோரம் புயல், வெள்ளப் பாதுகாப்பு மையங்களைக் கட்டியிருக்கிறார்கள். தூண்கள் மேல் நிற்கும் உறுதியான கட்டடங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கின்றன. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உபயோகிக்காமல் கிடந்தால் துருப்பிடிக்கும். புயல் வருகிற அன்றைக்கு வேலை செய்யாது. மற்ற நாளில் வழிப்போக்கருக்குத் திறந்துவிட்டு, சிறு கட்டணம் வாங்கி, அதே குப்பத்துப் பெண்கள் குழுவிடம் பராமரிப்பை ஒப்படைத்தால் என்ன? புயல் எச்சரிக்கை வந்தால் அந்த நிமிஷமே ஊர் மக்களுக்கு மட்டும். இதை நான் ஒரு யோசனையாகத்தான் சொல்கிறேன். ஆனால் தீர யோசித்துத்தான் சொல்கிறேன்.

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் அறிவித்தது. இங்கேயும் அது வரட்டும், நல்லதுதான். ஆனால் சொகுசு வண்டிக்கு மட்டும் வேலி போட்டுப் பூங்கா கட்டினால், வாடகை வேனில் போகிற பூவாளூர் அத்தைக்கு அதில் பங்கு கிடையாது. அவருக்கு வேண்டியது மிகச் சின்னது. நாற்பது கிலோமீட்டருக்கு ஓர் இடம். நாலு வேன் நிற்க மரநிழல், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், ஓடு வேய்ந்த ஒரு சமையல் கொட்டகை, அதில் பதித்த அடுப்பு, ராத்திரி பாய் விரிக்கத் திண்ணை, விளக்கு, பொறுப்பாக ஒரு ஆள். தஞ்சாவூரில் சத்திரங்களின் சொத்தை நிர்வகிக்க அரசு அலுவலகமே இன்னும் இருக்கிறது. அதற்கென்று தாசில்தார் இருக்கிறார். ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பிற்காலத்தில் பள்ளி நடந்தது, மாணவர் விடுதி நடந்தது. அதுவும் நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் காரியத்துக்காக அந்த நிலங்களை எழுதிவைத்தார்களோ, அந்தக் காரியத்துக்கு அதில் ஒரு பங்காவது போகவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மனு எழுத வேண்டும். எழுதுவோம்.

மனு மேலே போய் வருவதற்குள் நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இந்த வழித்தடத்தில் சாலையோரக் கல்யாண மண்டபங்கள் எத்தனை என்று பாருங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சமையல்கூடம் உண்டு, கிணறோ போரோ உண்டு, கழிப்பறை வரிசை உண்டு. அன்றைக்கு ஒரு காவல்காரரின் மனைவி செய்ததை, முறையாக, ஒரு தொகை வைத்துச் செய்ய மண்டபக்காரர்கள் பலர் சம்மதிப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. ஆடி, மார்கழி மாதங்களில் யார் திறப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும், பெண்கள் பகுதி தனியாக இருக்கிறதா, வேன் திரும்ப இடம் இருக்கிறதா — இவ்வளவு தெரிந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாகப் புறப்படலாம்.

இந்தத் தகவலெல்லாம் யாரிடம் இருக்கிறது? நம்ம ஊர் வேன் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. எந்த பங்க்கில் பெண்கள் பக்கம் திறந்திருக்கும், எந்தக் கோயில் மண்டபத்தில் இராத்திரி படுக்க விடுவார்கள், எந்த ஊர்க் குளக்கரையில் இறங்கிச் சாப்பிடலாம் என்று அவர்களுக்கு மனப்பாடம். பின்வரிசையில் அப்படிச் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், வந்ததற்கு நன்றி. கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து போய்விடாதீர்கள். ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். அன்பிலில் தொடங்கிக் கோடியக்கரை வரைக்கும் ஊர் ஊராகச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். முதலில் பெண்களுக்கான இடங்கள். மற்றதெல்லாம் அடுத்த பக்கத்தில்.